செல்லுபடியாகும் நாள்

ஜனவரி ஒன்பது. ஹான்காக் ஊரில் இடுப்பளவு பனி.
லோர்னா ஹக்காலா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள்.
பியானோ. திரும்பத் திரும்ப அதே துண்டு.
நடுவில் ஓரிடத்தில் அது தடுக்கி விழும்.
அந்த இடத்தில் அவள் கத்தியும் நிற்கும்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
நாற்பத்தோராவது நிமிடம்.
முக்கியமாகத்தான் இருக்க வேண்டும்,
இவ்வளவு நேரம் பத்திரமாக வைத்திருக்கிறார்களே.

முதல் கடிதம்: படிவத்தில் ஓர் இலக்கம் தவறு.
இரண்டாவது: முதலில் மலிவான மருந்தில் தோற்றுக் காட்டு.
(இப்படி அல்ல; மரியாதைப் பன்மையில்,
நீல எழுத்தில்.)
தோற்றுக் காட்டினாள். நான்கு மாதம்.
நகம் கறுத்தது. பாதம் மரத்து,
பிரேக் எது, தரை எது என்று தெரியாமல்
பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.
ஸ்கேனில் தோல்வி சுத்தமாக விழுந்திருந்தது:
கல்லீரல் ஓரம், பயறளவில் இரண்டு.
மூன்றாவது: கோரிய மருந்து
மருத்துவ ரீதியாகத் தேவை என நிரூபிக்கப்படவில்லை.

கையெழுத்திட்டவர் டாக்டர்தான்.
அவள் கணவன் ரே தேடிப் பார்த்தான்:
அரிசோனாவில் காது மூக்கு தொண்டை பார்ப்பவர்.
லோர்னாவின் சினைப்பையைப் பற்றி
காதால்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

இருபத்திரண்டு வருஷம்
க்வின்சி மேட்டில், கண்ணாடி போல் உறைந்த சாலையில்,
பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள்.
நீ பள்ளிக்குத் தேவைதான் என்று நிரூபி,
அப்புறம் ஏறு என்று
எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.
மூக்கொழுகும் ஜோனாவிடம்கூட.

காத்தல் என்ற சொல்லுக்குள் இரண்டு அறை.
ஒன்றில் அடைக்கலம். மற்றதில் காத்திருப்பு.
மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தது முதல் அறைக்கு.
கையில் தந்த சாவி
இரண்டாவதற்கு.

நாற்பத்தெட்டு. பியானோ அறுந்தது.
நான் ஷனீஸ், என்றது ஒரு குரல்.
அதன் பின்னால் நூறு குரல்கள், எல்லாம் ஷனீஸ் போல.
பிறந்த தேதி? சொன்னாள்.
உறுப்பினர் எண்? பார்க்காமல் சொன்னாள்.
மகனின் தொலைபேசி எண்கூட அப்படி மனப்பாடமில்லை.
விசைகள் தட்டும் ஓசை. நீண்ட மூச்சு.

"உங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டுவிட்டதே மேடம்.
டிசம்பர் பதினொன்றாம் தேதியே."

கடிதம் மருத்துவமனை ஃபேக்ஸுக்குப் போயிருக்கிறது.
அந்த எண் இரண்டு வருஷமாக
ஒரு டயர் கடையுடையது.

"முப்பது நாள் செல்லும்."

லோர்னா எண்ணினாள்,
வண்டியில் பிள்ளைகளை எண்ணுவது போல, பின்வரிசையிலிருந்து.
இரண்டாம் முறையும் அதே கணக்கு.
நாளையோடு சரி.
மருந்தேற்றும் நாற்காலி மார்க்கெட்டில்; நூறு மைல்.
அது காலியாவது இருபத்திரண்டாம் தேதி.

இருவரும் பேசவில்லை.
வெளியே ரே பனி வாரும் சத்தம்,
அங்கே யாரோ சிரிக்கும் சத்தம்.

பிறகு ஷனீஸ், தணிந்த குரலில்:
"புது விண்ணப்பம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.
அது முதலிலிருந்து தொடங்கும்.
வேறொரு சொல் இருக்கிறது. நீ-யில் தொடங்கும்.
நான் சொல்லித்தரக் கூடாது.
எங்கள் பேச்சு பதிவாகிறது."

நீக்கம், என்றாள் லோர்னா.
இல்லை மேடம்.
நீதி?
அந்தப் பக்கம் ஒரு சிறு இருமல்;
சிரிப்பாகவும் இருக்கலாம்.
நீட்டிப்பு.

"நன்றி. நீட்டிப்புக் கோரிக்கையைப் பதிவு செய்கிறேன்,"
குரல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டது.
"மேலதிகாரியிடம் இணைக்கிறேன். காத்திருங்கள்."

பியானோ.
அது தடுக்கி விழும் இடம் வந்தது, போனது.
பாத்திரத்தில் உருளைக்கிழங்கு பழுப்பேறத் தொடங்கியிருந்தது.
சீவுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.
எழுந்து, ஃபிரிட்ஜைத் திறந்து,
கேரட்டை எடுத்தாள்.